சிறு கணினியின் முனைகளும் அவற்றின் பழுதறிதலும்

கருவியொன்று இயங்காதொழியுமாயின், குற்றம் கருவியின்கண் உள்ளதோ, அதனைக் கையாண்டான்கண் உள்ளதோ என ஐயம் எழுதல் இயல்பு. ஐயம் எழுவது நன்றே. அதனைத் தீர்க்கும் வழியறியாது இரண்டிலொன்றைத் துணிந்து கூறிவிடுதலே தீது. இத்தீதினை யானும் ஒருமுறை செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடசாலை விஞ்ஞான கூடமொன்றில், மாணவன் ஒருவன் தூரத்தை அளக்கும் கழியொலிக் கருவியொன்றை ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியோடு இணைத்தான். இணைத்த கருவி விடையொன்றுந் தரவில்லை. அருகே நின்ற யான், 5 வோல்ற்று மின்னழுத்தத்தை முனையிற் கொடுத்துப் பலகையை எரித்துவிட்டாய் என்று கூறி, அவன் கட்டிய சுற்றோடு பலகையையும் ஒரு பெட்டியிலிட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். அப்பலகை அங்கே ஓராண்டுக்கு மேலாகக் கிடந்தது. அதனை மீண்டும் எடுத்து முறையாகச் சோதித்தபோது அம்மாணவன் பாடசாலையை விட்டு நீங்கியிருந்தான். அச்சோதனை காட்டியது யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். இத்தகைய சோதனையை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதும், அது தரும் விடையை எத்துணை நம்பலாம் என்பதுமே ஈண்டு ஆராயப்படுவன.

ராஸ்பெரி பை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகியது. பல்கலைக்கழகத்திற் கணினியியல் பயில வரும் இளைஞர் கணினியைப் பயன்படுத்த வல்லரேயன்றி அதன் உள்ளியல்பை அறிந்தவரல்லர் என்பதைக் கண்ட எபன் அப்ற்றன் முதலியோர், மாணவர் அஞ்சாது தொட்டுப் பழகத்தக்க மலிவான கணினியொன்றை ஆக்க விழைந்தனர். முதற்பலகை 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. வங்கி அட்டையின் அளவினதாகிய அப்பலகையின் ஓரத்தில் இரு வரிசையாக உலோக முனைகள் நின்றன. இவற்றை மாணவர் 'பின்' என்றே வழங்குவர். முதற்பலகையில் 26 ஆக இருந்த இம்முனைகள் 2014இல் வெளிவந்த வகையில் 40 ஆயின. பின்வந்த பெரும்பலகைகளிலும் அத்தொகையே நிலைபெற்றது. நாற்பதுள் இரண்டு 5 வோல்ற்றை வழங்குவன, இரண்டு 3.3 வோல்ற்றை வழங்குவன, எட்டுப் புவிமுனைகள். எஞ்சிய 28 முனைகளே கணினி புறவுலகோடு உறவாடும் வாயில்கள். விளக்கொன்றை ஏற்றல் வெளியீடு. பொத்தானொன்று அழுத்தப்பட்டதை உணர்தல் உள்ளீடு. ஒரே முனை செய்நிரலின் கட்டளைப்படி ஒருபோது உள்ளீடாகவும் பிறிதொருபோது வெளியீடாகவும் அமையும்.

அஞ்சாது தொட்டுப் பழகவென ஆக்கப்பட்ட இக்கணினியில், அஞ்சத்தக்க உறுப்பு ஒன்று உண்டெனின் அஃது இம்முனைகளேயாம். சாதாரண மேசைக் கணினியில் நாம் தொடும் இடத்துக்கும் அதன் மூளையாகிய சில்லுக்கும் இடையே காப்புச் சுற்றுகள் பல உள. ராஸ்பெரி பையின் நான்காம் வகை வரையும் இம்முனைகள் கணினியின் தலைமைச் சில்லினுள் நேரே சென்று சேர்வன. 2023இல் வெளிவந்த ஐந்தாம் வகையில் மாத்திரம் முனைகளை ஆளும் தொழில் ஆர்.பி.1 என்னும் தனிச் சில்லுக்கு விடப்பட்டது. ஆகவே, முனையொன்றில் நேரும் தவறு புறத்தே நின்றுவிடாது, அகத்தே புகும்.

இம்முனைகளின் தருக்க அழுத்தம் 3.3 வோல்ற்று. பழைய கருவிகள் பலவும், மேற்கூறிய கழியொலிக் கருவியும் 5 வோல்ற்றில் இயங்குவன. ஆதலின் அவற்றின் விடையை முனைக்கு நேரே கொடுத்தல் ஆகாது. மின்னோட்டத்துக்கும் எல்லை உண்டு. முந்திய வகைகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் அளவு, தனிமுனை ஒன்றுக்கு 16 மில்லியம்பியரும், முனைகள் அனைத்துக்குஞ் சேர்த்து ஏறக்குறைய 50 மில்லியம்பியருமாகும். இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். செய்நிரலால் முனையின் 'வலிமை'யை 2 மில்லியம்பியர் முதல் 16 மில்லியம்பியர் வரை அமைக்கலாம். இதனை அறிந்தோர் சிலர், 8 என அமைத்துவிட்டால் முனை 8 மில்லியம்பியருக்கு மேல் வழங்காது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் எனக் கருதுகின்றனர். அஃது அங்ஙனமன்று. அந்த எண் முனையானது தன் அழுத்தம் தாழாது எத்துணைச் சுமையைத் தாங்கும் என்பதைக் குறிப்பதேயன்றி, மின்னோட்டத்துக்கு இட்ட வேலியன்று. குறுஞ்சுற்று நேர்ந்தால் அம்முனை தன்னால் இயன்றமட்டும் மின்னை வழங்கிக்கொண்டே சூடேறும்.

முனையொன்றின் அகத்தே உள்ள உறுப்புகளை அறிந்தாலன்றிப் பழுதின் இயல்பு விளங்காது. வெளியீட்டுக்காக இரு திரான்சிற்றர்கள் உள. மேலேயுள்ளது முனையை 3.3 வோல்ற்று வழங்கலோடு இணைப்பது. கீழேயுள்ளது அதனைப் புவியோடு இணைப்பது. ஒரு வேளையில் ஒன்றே திறக்கும். உள்ளீட்டுக்காக வேறோர் உறுப்பு உண்டு; அதன் வாயிலைக் காப்பது சிலிக்கன் ஒட்சைட்டாலாய சில நனோமீற்றர் தடிப்புள்ள மென்படலம். மூன்றாவதாக, முனையின் அழுத்தம் எல்லை கடந்தபோது மிகையான மின்னை வேறு வழியே திருப்பிவிடுங் காவல் இருவாயிகள் உள. நான்காவதாக, ஏறக்குறைய 50 கிலோஓம் அளவினதான தடையொன்று உண்டு. அதனைச் செய்நிரலால் மேலே 3.3 வோல்ற்றோடோ கீழே புவியோடோ பிணைக்கலாம். ஒன்றும் இணைக்கப்படாத முனை காற்றில் அலையும் பட்டம் போன்று அங்குமிங்கும் அசையாது அதனை ஒரு நிலையில் நிறுத்துதலே இத்தடையின் தொழில். இதனை மேலிழு தடை எனவும் கீழிழு தடை எனவும் வழங்குவோம்.

நால்வகை உறுப்புகள் உளவாகவே, பழுதும் ஒருவகைத்தன்று. குறுஞ்சுற்றாலும் மிகைச்சுமையாலும் முதலில் நலிவது வெளியீட்டுத் திரான்சிற்றர். அது முற்றாக எரிந்து திறந்த வழியாகலாம். உருகி ஒட்டிக்கொண்டு முனையை எப்பொழுதும் மேலோ கீழோ கட்டிவைக்கலாம். அன்றி, இறவாது வலிகுன்றி நிற்கலாம். மிகை அழுத்தத்தால் முதலில் வருந்துவது காவல் இருவாயி. அது தாங்கும் மட்டும் தாங்கிப் பின் கசியத் தொடங்கும். நிலைமின் பாய்ச்சல் ஒட்சைட்டுப் படலத்தையே துளைத்துவிடும். நம் கையிலிருந்து தெறிக்கும் நிலைமின்னை நாம் உணர்வதற்கே ஏறக்குறைய 3000 வோல்ற்று வேண்டும். சில்லைத் துன்புறுத்துவதற்கு அதனினும் மிகக் குறைந்த அளவு போதும். ஆதலின் கைக்குத் தெரியாமலே முனை கெட்டுவிடலாம். நம் நாட்டின் ஈரலிப்பான காற்று நிலைமின் திரளவொட்டாது ஓரளவு காக்கின்றது; எனினும் குளிரூட்டப்பட்ட அறையில் அக்காப்பைப் பெரிதும் நம்புதற்கில்லை.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், முனை 'செத்தது' அல்லது 'உயிரோடுள்ளது' என்று இரண்டிலொன்றாகக் கூறும் வழக்குப் பிழையுடையது என்பதே. உள்ளீடு நன்றாயிருக்க வெளியீடு கெடலாம். மேலேறுதல் கெட்டுக் கீழிறங்குதல் நிலைபெறலாம். இரண்டும் நன்றாயிருக்கக் கசிவு உண்டாகலாம். எந்த உறுப்பை எந்தச் சோதனை தொடுகின்றது என்பதை அறியாது சோதிப்போன், கால்நோவோடு வந்தவனின் நாவைப் பார்த்து நோயில்லை என்று அனுப்பிய மருத்துவனை ஒப்பான்.

சோதனை தொடங்குமுன் செய்யவேண்டியன சில உள. 'பழுது' என வருவனவற்றுட் பல இங்கேயே தீர்ந்துவிடுவதை அனுபவத்திற் கண்டுள்ளேன். முதலாவது எண் மயக்கம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்கள் உள: வரிசையில் அது நிற்கும் இடத்தைக் குறிப்பது ஒன்று, சில்லு அதனை அறியும் எண் மற்றொன்று. சில்லுக்கு 17 ஆயது வரிசையில் 11ஆம் இடத்தது. சில்லுக்கு 18 ஆயது 12ஆம் இடத்தது. சில்லுக்கு 4 ஆயது 7ஆம் இடத்தது. செய்நிரல் ஓர் எண்ணைக் கருதக் கை மற்றோர் எண்ணிற் கம்பியைச் செருகுமாயின் பழுதற்ற பலகையும் பழுதுற்றதாகவே தோன்றும். இக்கட்டுரையில் இனி வருவன சில்லின் எண்களே. இரண்டாவது, தனித்தொழில் பூண்ட முனைகள். 14, 15 ஆகியன தொடர்வழித் தொடர்புக்கும், 2, 3 ஆகியன ஐ.ரு.சி. என்னும் இருகம்பித் தொடர்புக்கும் அமர்த்தப்பட்டிருக்கலாம். அத்தொழிலில் அமர்ந்திருக்கையில் அவை சாதாரணக் கட்டளைக்குப் பணியா. மூன்றாவது கம்பி. செருகுகம்பிகள் காவலுறையின் உள்ளே அறுந்திருத்தல் சாலவும் உண்டு. புறத்தே பார்ப்பார்க்கு அது தெரியாது. ஒவ்வொரு கம்பியையும் பல்மானியால் அளந்தபின்னரே பலகையைக் குறை கூறல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது வலுவழங்கல். புறக்கருவிகள் யாவற்றையும் கழற்றிவிட்டு மின்னூட்டி, 5 வோல்ற்று முனைக்கும் புவிக்கும் இடையேயும், 3.3 வோல்ற்று முனைக்கும் புவிக்கும் இடையேயும் அளத்தல் வேண்டும். 3.3 வோல்ற்று வரவில்லையாயினும், மின்னூட்டியவுடன் சில்லு விரல் வைக்க இயலாதபடி கொதித்தாலும், தனிமுனையின் பழுதைத் தேடிப் பயனில்லை; பலகை முழுவதுமே நோயுற்றது. வரிசையின் முதலிரண்டு இடங்களில் 3.3 வோல்ற்று முனையும் 5 வோல்ற்று முனையும் அருகருகே நிற்றலால், தவறிவிழுந்த சிறு திருகாணியொன்று அவ்விரண்டையுந் தொடுத்துப் பலகையை ஒரு நொடியில் அழித்துவிடும்.

பின்னர் மின்னை நீக்கி, பல்மானியை இருவாயி அளக்கும் நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியைப் புவிமுனையிலும் கறுப்புக் கம்பியை 28 முனைகளிலும் ஒவ்வொன்றாகத் தொடுத்து அளவுகளைத் தாளிற் குறித்துக்கொள்ளலாம். காவல் இருவாயியின் முன்னோக்கு அழுத்தத்தை மானி காட்டும்; சிலிக்கன் இருவாயியாதலின் அது அரை வோல்ற்றைச் சூழ்ந்து நிற்கும். இங்கே அளவு இத்துணையென்பது பெரிதன்று. அயல்முனைகளோடு ஒத்துள்ளதா என்பதே பெரிது. 2, 3 ஆகியவற்றுக்குப் பலகையிலேயே புறத்தடைகள் உண்டாதலின் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுக. இருபதுக்கு மேற்பட்ட முனைகள் ஒரேயளவு காட்ட ஒன்று மாத்திரம் சுழியத்தை நெருங்குமாயின் அது புவியோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றுமே காட்டாதாயின் அகத்தே இணைப்பு அறுந்தது. செய்நிரல் எதுவும் வேண்டாத இச்சோதனையையே யான் முதலிற் செய்வது வழக்கம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான்காம் வகைக்கு உட்பட்ட பலகைகளில் இன்னுமோர் எளிய வழியுண்டு. மின்னூட்டப்பட்டவுடன், கட்டளையொன்றும் வருமுன்னர், 0 முதல் 8 வரையுள்ள முனைகள் மேலிழு தடையோடும், 9 முதல் 27 வரையுள்ளவை கீழிழு தடையோடும் நிற்பன. நினைவட்டையைச் செருகாது மின்னூட்டி மானியால் அளந்தால், முன்னவை பெரும்பாலும் 3.3 வோல்ற்றை ஒட்டியும் பின்னவை சுழியத்தை ஒட்டியும் நிற்பதைக் காணலாம். இவ்வொழுங்கு பிறழ்ந்த முனையைக் குறித்துக்கொண்டு மேற்செல்லலாம்.

இனிச் செய்நிரற் சோதனைக்கு வருவோம். பிக்பியோ என்னும் நிரற்றொகுதியைச் சார்ந்த சோதனை நிரலொன்று பலராலும் பயன்படுத்தப்பட்டு வந்தது. பழைய பலகைகளுக்கு அஃது இன்றும் உதவும். ஐந்தாம் வகையின் முனைகளை வேறு சில்லு ஆளுதலின் ஆங்கு இந்நிரல் இயங்காது. அப்பலகைக்கு, இயக்க முறைமையோடு வரும் பின்கொன்ட்றோல் என்னுங் கட்டளையால் முனைகளை ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் பார்க்கலாம். எந்நிரலாயினும் நெறி ஒன்றே. முனையை வெளியீடாக்கி 0 எழுதி, 0 வருகின்றதா என அதே முனையைப் படித்தல். 1 எழுதி 1 வருகின்றதா எனப் படித்தல். பின் உள்ளீடாக்கி, மேலிழு தடையை இணைத்து 1 வருகின்றதா எனவும், கீழிழு தடையை இணைத்து 0 வருகின்றதா எனவும் பார்த்தல். இதன்போது முனைகளில் யாதொன்றும் இணைந்திருத்தலாகாது. நிரல் எல்லா முனைகளையும் தன்விருப்பப்படி ஏற்றியிறக்குமாதலின், நல்ல கருவியும் நல்ல முனையும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடும்.

நிரல் தரும் விடையில் ஏமாற்றம் இருவழியாலும் வரும். முதலாவது, நலமுடைய முனையைப் பழுதென்று கூறல். 2, 3 ஆகிய இரு முனைகளுக்கும் பலகையிலேயே 1.8 கிலோஓம் மேலிழு தடைகள் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன. அகத்தேயுள்ள கீழிழு தடையோ 50 கிலோஓம். இரண்டும் எதிரெதிர் இழுக்கையில் முனையின் அழுத்தம் ஏறத்தாழ 3.2 வோல்ற்றில் நிற்கும். எனவே கீழிழு தடை இணைத்த பின்னரும் 1 என்றே படிக்கப்படும். இதனை அறியாத நிரல் அவ்விரண்டையும் தவறின எனக் காட்டும். இதனை அறியாத மாணவன் பலகையை வீசுவான். அவ்விரு முனைகளும் அங்ஙனம் காட்டாதொழியின் அன்றோ நாம் ஐயுறல் வேண்டும்!

இரண்டாவது ஏமாற்றம் இதனினும் கொடிது: பழுதுற்ற முனையை நலமுடையதென்று கூறல். இதன் காரணத்தை எண்களாற் காட்டுதல் எளிது. காவல் இருவாயி கசிந்து, முனைக்கும் புவிக்குமிடையே 10 கிலோஓம் அளவான வழி உண்டாயிற்று எனக் கொள்வோம். மேலிழு தடை 50 கிலோஓம் ஆதலின் முனையின் அழுத்தம் 3.3 இன் ஆறிலொரு பங்கு, அதாவது 0.55 வோல்ற்று. நிரல் இதனை 0 எனப் படித்துப் பழுதென்று கூறும்; சரியே. கசிவு 500 கிலோஓம் எனில் அழுத்தம் 3 வோல்ற்று. நிரலுக்கு இது குறைவற்ற 1. இடைப்பட்ட நிலையைக் காணும் கண் நிரலுக்கு இல்லை. அஃது அறிவது இருளும் ஒளியும் மாத்திரமே, மாலைப்பொழுதை அஃது அறியாது. ஆயின் அக்கசிவு நாளடைவிற் பெருகக்கூடும். நுண்ணிய அளவுகளைத் தரும் உணரியொன்றை அம்முனையில் இணைப்போன் காரணம் புரியாது அல்லற்படுவான்.

வெளியீட்டில் நேரும் ஏமாற்றமும் இத்தகையதே. மேலேயுள்ள திரான்சிற்றர் வலிகுன்றி, 500 ஓம் தடை போல ஆகிவிட்டது எனக் கொள்வோம். சுமையொன்றும் இல்லாதபோது மின்னோட்டமும் இல்லை. மின்னோட்டம் இல்லையெனின் அத்தடையில் அழுத்த இழப்பும் இல்லை. ஆகவே 1 எழுதிப் படித்தால் 1 வரும், மானியும் 3.3 என்றே காட்டும். அதே முனையோடு 1 கிலோஓம் தடையை இணைத்து மறுமுனையைப் புவியில் தொடுத்தால் அழுத்தம் 2.2 வோல்ற்றுக்கு வீழ்ந்துவிடும். சுமை ஏற்றாத வண்டியின் அச்சு முறிந்தது தெரிவதில்லை. நிரற் சோதனையிற் சில்லே எழுதிச் சில்லே படிக்கின்றது. குற்றஞ்சாட்டப்பட்டோனே சாட்சியுமாய் நிற்கும் வழக்கு அது. புறத்தேயுள்ள சாட்சியொன்றை அழைத்தாலன்றித் தீர்ப்பு நிறைவுறாது.

அப்புறச் சாட்சி சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோஓம் தடையும் ஒரு பல்மானியுமேயாம். செய்யும் முறை வருமாறு. முனையை வெளியீடாக்கி 1 எழுதி, முனைக்கும் புவிக்கும் இடையே அத்தடையை வைத்து முனையின் அழுத்தத்தை அளத்தல். ஓடும் மின் 3.3 மில்லியம்பியருக்கு மேற்படாது; எனவே நலமுடைய முனைக்கு இதனால் தீங்கில்லை. நலமுடைய முனையின் அழுத்தம் ஒரு வோல்ற்றின் பத்தில் ஒன்றிரண்டு பங்களவே தாழும். பின்னர் 0 எழுதி, அதே தடையை முனைக்கும் 3.3 வோல்ற்று முனைக்கும் இடையே வைத்து அளத்தல். இப்பொழுது அழுத்தம் சுழியத்தினின்று அத்துணையே உயரல் வேண்டும். இரண்டாம் பகுதியைப் பலர் விட்டுவிடுகின்றனர். மேற்றிரான்சிற்றரைச் சோதித்துக் கீழ்த்திரான்சிற்றரைச் சோதியாது விடுதல், வீட்டின் முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவைத்தல் போலும். தடையை 5 வோல்ற்று முனையில் மறந்தும் தொடுத்தலாகாது.

இங்கும் ஒப்புநோக்கே உரைகல். 28 முனைகளின் அளவுகளையும் வரிசையாக எழுதினால் குறையுடையது தானே தனித்து நிற்கும். மேலிழு தடையின் அழுத்தத்தை அளக்கும்போது மானியையும் ஐயுறல் வேண்டும். உள்தடை 10 மெகாஓம் ஆகவுள்ள மானி ஏறக்குறைய 3.28 வோல்ற்றைக் காட்டும். 1 மெகாஓம் ஆகவுள்ள மலிவான மானி தானே ஒரு கசிவாகி 3.14 வோல்ற்றையே காட்டும். எல்லா முனைகளும் ஒருசேரக் குறைந்து காணப்பட்டால் குற்றம் முனைகளினதன்று.

இவற்றோடு அயல்முனைகள் தம்முள் ஒட்டிக்கொண்டனவா என்பதையும் பார்த்தல் நலம். ஒரு முனைக்கு 1 எழுதி, மற்றவை யாவற்றையும் கீழிழு தடையோடு உள்ளீடாக்கிப் படிக்க. 2, 3 நீங்கலாக வேறெங்காவது 1 தோன்றின் அவ்விரண்டுக்கும் இடையே இணைப்பு உளது. முனையை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நிரல் இதனைக் காணாது. பற்றாசு வைத்தவன் தவறினாலும் இது நேரும். அங்ஙனமாயின் உருப்பெருக்குக் கண்ணாடியும் பற்றாசுக்கோலும் குறையைத் தீர்த்துவிடும். சூடேறியபின் மாத்திரம் தோன்றும் பழுதுகளும் உள. ஆதலின் ஐயத்துக்குரிய முனையை, கணினி அரைமணி நேரம் உழைத்தபின் மீண்டும் ஒருமுறை அளத்தல் தக்கது.

பழுதுற்ற முனை கண்டுபிடிக்கப்பட்டால் பலகையை யாது செய்வது? ஆடுவினோ ஊனோ என்னும் பலகையின் பழைய வடிவில், 28 கால்களையுடைய சில்லைக் குழியிலிருந்து கழற்றிப் புதியதொன்றை வைத்துவிடலாம். ராஸ்பெரி பையில் அது மேசைமேற் செய்யத்தக்க தொழிலன்று. சில்லு பலகையின் மேற்றளத்திற் கண்காணா உலோக மணிகளாற் பற்றவைக்கப்பட்டுள்ளது. ஆதலின் தீர்ப்பு இரண்டிலொன்று. கெட்டமுனை புவியோடோ வழங்கலோடோ ஒட்டிக்கொண்டு சில்லைச் சூடாக்குமாயின், அன்றிக் கசிவு நாளுக்கு நாள் பெருகுமாயின், அப்பலகையை முனைகள் வேண்டாத வேறு தொழிலுக்கு விடுதலே அறிவுடைமை. ஒன்றிரண்டு முனைகள் வலிகுன்றி மற்றவை நிலையாக நிற்பின், அவற்றைக் குறியிட்டு ஒதுக்கி எஞ்சியவற்றை ஆளலாம். நாலைந்து பலகைகளை நாற்பது மாணவர் பகிரும் கூடத்தில், 27 நல்ல முனைகளைக் குப்பையிலிடும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது என் துணிபு.

காப்பு முறைகளைச் சுருங்கக் கூறலாம். வெளியீட்டு முனையோடு தொடராக 330 ஓம் தடையொன்றை வைத்தால், முனை புவியோடு நேரே குறுஞ்சுற்றுப்பட்டபோதும் 10 மில்லியம்பியருக்கு மேல் ஓடாது. 5 வோல்ற்றுக் கருவியின் விடையை 1 கிலோஓம், 2 கிலோஓம் ஆகிய இரு தடைகளாற் பங்கிட்டுப் பெரிய தடையின் மேலுள்ள பங்கை எடுத்தால் அது 3.33 வோல்ற்றாகும். மோட்டர், ரிலே முதலியவற்றை முனையோடு நேரே இணைத்தல் ஒருபோதும் ஆகாது; அவை சுமையாலும் கெடுக்கும், மின்னை நிறுத்தும் கணத்தில் எதிரெழும் அழுத்தத்தாலும் கெடுக்கும்.

இனி, அலுமாரியிற் கிடந்த பலகையின் கதையை முடிப்பேன். அதனை எடுத்து முதலிற் செய்நிரலாற் சோதித்தேன். 2, 3 ஆகியவற்றின் கீழிழு தடை நீங்கலாக யாவும் சரியென விடை வந்தது. மாணவன் பயன்படுத்திய 24ஆம் முனையைச் சுமையேற்றி அளந்தேன், குறைவில்லை. அவன் கட்டிய சுற்று பெட்டியில் அப்படியே இருந்தது. கருவியின் விடை வரும் வழியில் 1 கிலோஓம், 2 கிலோஓம் தடைகள் இரண்டும் முறையாக நின்றன. 5 வோல்ற்று முனையை அணுகியதே இல்லை. அத்தடைகளிலிருந்து முனைக்குச் சென்ற மஞ்சட் கம்பி காவலுறையின் உள்ளே அறுந்திருந்தது. மானியைத் தொட்டிருந்தால் அன்றே அரை நிமிடத்தில் அறிந்திருக்கலாம்.

எஞ்சிய முனைகளையும் சுமையேற்றி அளந்துகொண்டே வந்தேன். 18ஆம் முனை 2.2 வோல்ற்றுக்கு வீழ்ந்தது. அதனை வலிகுன்றச் செய்தவர் யாரென எண்ணிப் பார்த்தேன், தேடவேண்டியிருக்கவில்லை. முனையின் மின்னோட்டம் மோட்டரைச் சுழற்றப் போதாது என்பதை மாணவர்க்குக் காட்டும்பொருட்டு, ஆண்டுதோறும் சிறு மோட்டரொன்றை அப்பலகையின் 18ஆம் முனையில் நேரே இணைத்து, அது சுழலாது நிற்பதைக் காட்டி வந்தவன் யானே. சுழலாத மோட்டர் குறுஞ்சுற்றை ஒப்பது என்பதும் அதே பாடத்தில் யான் கூறியதுதான்.

முனைக்கு நேரே சிவப்புப் பொட்டொன்று இட்டுப் பலகையை மாணவர் மேசைக்குத் திருப்பி அனுப்பினேன். இன்றும் அது பயன்பட்டு வருகின்றது. நீங்கிச் சென்ற மாணவனுக்கு, பலகை எரியவில்லை என்பதையும், ஒரு முனையைக் கெடுத்தவன் யானேயென்பதையும் 28 அளவுகளோடு கடிதத்தில் எழுதினேன். இரு வாரங் கழித்து விடை வந்தது. அந்த இரு தடைகளையும் அன்று இணைக்குமுன் தான் மானியால் அளந்தே வைத்ததாகவும், கம்பியை அளக்க நினைத்தபோது பலகை பெட்டிக்குட் சென்றுவிட்டதாகவும் அவன் எழுதியிருந்தான்.